ஈசிஆரில் வலப்பக்க ஜன்னல்

திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இடப்பக்க ஜன்னலுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். தெற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம். கணக்கு சரிதான். ஆனால் அக்கரை போகும், உத்தண்டி டோல் போகும், கோவளமே வந்துவிடும், கடல் மட்டும் வராது. வருவதெல்லாம் காம்பவுண்டு சுவர், சுவருக்கு மேல் காகிதப்பூ, ரிசார்ட் கேட், பீச் ஹவுஸ் வாடகைக்கு என்று ஒரு போன் நம்பர். கடல் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. சாலையிலிருந்து பார்க்கத்தான் வழி இல்லை.

நான் வலப்பக்கம் உட்காருவேன். முட்டுக்காட்டில் உப்பங்கழி, அதன் பிறகு விட்டு விட்டு வரும் பக்கிங்காம் கால்வாய், பாலாற்றின் மணல், எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகள், மரக்காணத்து உப்பளம், கழுவேலி ஏரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது இந்த ஈசிஆரில், பார்க்க வேண்டிய தண்ணீரில் முக்கால்வாசி மேற்கேதான் இருக்கிறது. இதைச் சொன்னால் சென்னையில் யாரும் நம்புவதில்லை. திரும்பி வரும்போது இடப்பக்கம், மறந்துவிடாதீர்கள். (இடப்பக்கம் பெண்கள் சீட் என்பதெல்லாம் டவுன் பஸ்ஸோடு சரி.)

எங்கள் ஊர் கடப்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கு ஓரம், இடைக்கழிநாடு பேரூராட்சி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதில்தான் ஊர்கள். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். அதனால் இந்தச் சாலையில் போகும்போது வாய் சும்மா இருக்காது, பக்கத்து சீட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கரையில் தார்ச் சாலைக்கு முன்னால் இருந்தது தண்ணீர்ச் சாலை. பக்கிங்காம் கால்வாய். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர்ப் பக்கமாக வெட்டத் தொடங்கிய சின்ன வாய்க்கால் அது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு, வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போனது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று சென்னைக்குள்ளேயே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். மொத்தமாக, காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை 790 கிலோமீட்டருக்கு மேல்.

தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது சவுக்கு விறகும் உப்பும் தோணியில்தான் பட்டணம் போகும் என்பார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். பாரதிதாசன் இந்தக் கால்வாயில் தோணி ஏறி மாமல்லபுரம் போனதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். வாய்க்கால் புதுச்சேரி வரை நீள்கிறது என்று அதில் வரும். கால்வாய் உண்மையில் மரக்காணத்தோடு நின்றுவிடுகிறது. கடைசிக் கொஞ்ச தூரத்தை அந்தப் புதுச்சேரிக்காரர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது. அறுபதுகளில் அடித்த புயல்களும் அதற்குப் பிறகு பெருகிய லாரிகளும் தோணிக்காரர்களின் பிழைப்பை முடித்துவைத்தன.

சாலை வந்தது வெகு பின்னால். நான் சிறுமியாக இருந்தபோது சென்னைக்குப் போக வேண்டுமென்றால் மேற்கே செய்யூர் போய், மதுராந்தகம் போய், ஜிஎஸ்டி ரோடு என்கிற திருச்சி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். கடலோரமாக நேராகத் தெற்கு வடக்கு என்று ஒரு நல்ல சாலை கிடையாது. ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் ஒரு துண்டுச் சாலை இருந்தது. அந்தத் துண்டுகளை ஒட்டவைத்து அகலப்படுத்தியதுதான் ஈசிஆர். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். புளிய மரமும் ஆலமரமும் வெட்டுப்படுகின்றன, மணல் மேடுகள் போகின்றன என்று தொண்ணூறுகளில் சுற்றுச்சூழல்காரர்கள் எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். ஆனாலும் 1998 வாக்கில் சாலை திறந்துவிட்டது. பிறகு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அதைக் கையில் எடுத்து மேம்படுத்தியது. 2002-ல் டோல் வந்தது. சாலைக்குக் காசு கட்ட வேண்டுமா என்று அப்பா அன்றைக்குக் கேட்டது இன்னும் வீட்டில் ஜோக்.

சரி, ஊர் ஊராகப் போகலாம்.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். படம் வரைந்து சோறு தின்ன முடியாது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவரும் மாணவர்களும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டிக்கொண்டார்கள். அப்போது அங்கே மின்சாரம்கூட ஒழுங்காகக் கிடையாது என்று சொல்வார்கள். இன்றைக்கு அந்த மணலின் விலையைக் கேட்டால் ஓவியர்கள்தான் ஊரிலேயே கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். உள்ளே போனால் மர நிழலில் கல் சிற்பங்கள், ஒரு மியூசியம், கூட்டமே இருக்காது.

அதே ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி தங்கக் கடற்கரை. எங்கள் தலைமுறையில் ஸ்கூல் டூர் என்றால் அதுதான். வாசலில் சிலை போல அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நாங்கள் செய்யாத சேட்டை இல்லை. அவர் இமைகூட அசைக்கவில்லை. என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோதும் இதே கதை நடந்தது.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. பிள்ளைகளைக் கூட்டிப்போக இந்தச் சாலையிலேயே சிறந்த இடம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். 1996-ல் திறந்தார்கள். கட்டட அமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது. இடிபட இருந்த பழைய வீடுகளைத் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தேடிப் பிடித்து, தூண் தூணாகவும் கதவு கதவாகவும் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நிற்கும்போது பிள்ளைகள் எல்லாரும் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பார்கள், கை எட்டாது. நான் அவர்களை அக்ரஹார வீட்டுக்குக் கூட்டிப்போய் ரேழியில் நிறுத்தி, தெருவிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் கண் போகிறதா பார் என்பேன். வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாதது அந்த ஒரு நிமிஷத்தில் ஏறிவிடும்.

தாண்டியதும் முட்டுக்காடு பாலம். படகுக் குழாம் எண்பதுகளிலிருந்து இருக்கிறது. இங்கேதான் பஸ்ஸில் முதல் முறையாக இரண்டு பக்கமும் தலைகள் திரும்பும். கால்வாயும் கழியும் கடலும் சேரும் இடம்.

கோவளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே பேசுவேன். இன்றைக்குக் கோவளம் என்றால் அலைச்சறுக்கு, நீலக்கொடி வாங்கிய கடற்கரை, மீன் வறுவல். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இது ஐரோப்பியர்கள் முட்டிக்கொண்ட துறைமுகம். ஆஸ்டெண்டு கம்பெனி என்று ஒன்று இருந்தது. ஆஸ்திரியப் பேரரசரின் கொடியில் இன்றைய பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள்கூட இங்கே ஒரு கிடங்கு வைத்திருந்தார்கள். பிறகு ஆற்காட்டு நவாபு ஒரு கோட்டை கட்டினார், சாதத் பந்தர் என்று பெயர். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்த விதம் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். கப்பலில் வந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் கரையில் படுத்திருக்க இடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கோட்டைக்காரரும் இரக்கப்பட்டு உள்ளே விட்டார். ராத்திரி நோயாளிகள் எல்லாம் துணிக்குள் ஒளித்துவைத்திருந்த ஆயுதத்தோடு எழுந்துவிட்டார்கள்.

1752-ல் ராபர்ட் கிளைவ் வந்து கோட்டையைப் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தார். அந்தப் படையோடு வந்த சிப்பாய்கள் எவ்வளவு வீரர்கள் என்றால், பீரங்கிச் சத்தத்தில் காணாமல் போன ஒருவரைப் பல மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார்களாம். இந்தக் கிணற்றுக் கதையைச் சொல்லும் வரை எங்கள் வகுப்பில் கர்நாடகப் போர்களை யாரும் மதிப்பதில்லை. கோட்டை இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல். அதற்குப் பக்கத்திலேயே தர்கா, மாதா கோயில், குப்பம் என்று கோவளம் தன் பாட்டுக்கு இருக்கிறது.

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் வரும் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். வராகப் பெருமாள் தினம் ஒரு பெண் என்று ஒரு ரிஷியின் முந்நூற்றறுபது பெண்களை மணந்து, கடைசியில் எல்லாரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். மாலை வாங்கிச் சாற்றி, ஒன்றைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாக வர வேண்டும். பிரகாரத்தில் கழுத்தில் மாலையோடு ஐ.டி. பையன்கள் போன் பேசிக்கொண்டே வேகவேகமாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். அம்மா ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். என் தம்பியும் சுற்றினான். ஆயிற்று, இரண்டு பிள்ளைகள்.

வடநெம்மேலி முதலைப் பண்ணையை 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கினார்கள். முதலைகள் அழிந்துகொண்டிருந்த காலம், இனப்பெருக்கம் செய்வதற்காக ஆரம்பித்தது. முதலைகள் அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தன என்பது உள்ளே போய்ச் சுவரை எட்டிப் பார்த்தாலே தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

ஆனால் முதலையைவிட நான் நின்று பார்ப்பது அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோனதும் இருளர்களின் வருமானமும் போய்விட்டது. பாம்பு பிடிக்கத் தெரியும், அதை விற்கக் கூடாது. அப்போது யோசித்ததுதான் விஷம் எடுப்பது. 1978-ல் சங்கம் பதிவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலும் மண்பானைகளில், வாய்க்குத் துணி கட்டி, வரிசையாக வைத்திருப்பார்கள். பானையை வெளியே எடுத்து, கம்பியால் தலையை மெல்ல அழுத்தி, இரண்டு விரலில் கழுத்தைப் பிடித்து, ஒரு கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டியிருக்கும் சவ்வின் மேல் வைப்பார்கள். பாம்பு கடிக்கும். சவ்வைத் துளைத்த பல் நுனியிலிருந்து உள்ளே மஞ்சளாக ஒரு சொட்டு இறங்கும். அவ்வளவுதான். அந்த மஞ்சளை உலர்த்திப் பொடியாக்கி, விஷமுறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். சில வாரம் வைத்திருந்து, நாலைந்து தடவை எடுத்த பிறகு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருந்தால் அதைச் சீக்கிரத்தில் மறுபடி பிடிப்பதில்லை.

தமிழ்நாட்டில் வயலில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்த யாராக இருந்தாலும், அவர் உடம்பில் ஏறிய மருந்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பானைகள் இருக்கும். 2023-ல் இந்த இருளர்களில் இரண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்கா வரை போய்ப் பெரிய மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். நுழைவுச் சீட்டு வாங்கி முதலையோடு செல்பி எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. முதலாவது 2013-ல், நாளுக்கு 10 கோடி லிட்டர். இன்னொன்று 2024-ல், 15 கோடி லிட்டர். தென்சென்னையில் குழாயைத் திறக்கிறவர்கள் ஈசிஆர் வந்ததில்லை என்றாலும் ஈசிஆர் அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் உங்களுக்கே தெரியும். அதற்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் மட்டும் இறங்குங்கள். புலிக்குகையோடு திரும்பிவிடாமல் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து போன பிறகு இங்கே பாறையில் புதிதாகக் கல்வெட்டு எழுத்துகள் வெளியே தெரிந்தன. திருவீழ்ச்சில் என்ற ஊரில் சுப்பிரமணியர் கோயிலுக்கு விளக்கு வைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள். கல்வெட்டு இருக்கிறது, கோயில் எங்கே? தொல்லியல் துறை மணல் மேட்டைத் தோண்டியது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல், அதற்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கட்டடம். கல்லில் செய்த ஒரு வேல். எங்கள் கரையில் அத்தனை உயிரை வாங்கிய அலை ஒரு கோயிலின் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனது என்று பாடம் நடத்தும்போது சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அலங்காரமாக இருந்தது. அந்த வருஷம் எங்கள் குப்பத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அப்படிப் பேச வராது.

மாமல்லபுரம் தாண்டியதும் கார்களில் பாதி குறைந்துவிடும். இனிமேல்தான் எனக்குப் பிடித்த சாலை.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் 1984-லிருந்து மின்சாரம் கொடுக்கிறது. அதன் வேலிக்கு ஒட்டினாற்போல சதுரங்கப்பட்டினம், வெள்ளைக்காரன் வாயில் சத்ராஸ். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மெல்லிய மஸ்லின் துணி இங்கிருந்துதான் கப்பலேறியது. உள்ளே சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்று. பூட்டியிருக்கும். காவலரிடம் கேட்டால் திறந்துவிடுவார். கல்லில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் நேற்றுச் செதுக்கினது போலக் கூர்மையாக இருக்கின்றன. 1782-ல் இந்தக் கரைக்கு அப்பால் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் சண்டை போட்டன. ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை 1818-ல் டச்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்து, 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயரிடமே போய்விட்டது. இப்போது மதில் மேல் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம் கட்டுமரம், ஒரு பக்கம் அணு உலையின் கூரை.

பாலாறு வரும். மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் மணல்தான். பாலம் மட்டும் நீளமாக இருக்கும். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் நாடு.

இடைக்கழிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு, அதை நாங்கள் போதுமான அளவு பீற்றிக்கொள்வதில்லை. சிறுபாணாற்றுப்படை பாடியவர் எங்கள் ஊர்க்காரர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வழியில் பார்த்த இன்னொரு பாணனுக்கு எப்படிப் போவது என்று சொல்லும் பாட்டு. 269 அடி. அதில் முதலில் வரும் பாதையே கடலோரப் பாதை. நெய்தல் நெடுவழி என்று பாட்டிலேயே இருக்கிறது. தாழை அன்னம் போலப் பூத்திருக்கும், செருந்தி பொன் போல, புன்னை முத்துப் போல. அப்படியே போனால் எயிற்பட்டினம் வரும். அது இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அங்கே நுளையர் வீட்டில் என்ன கிடைக்கும்? அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகள் ஒட்டகம் படுத்திருப்பது போலக் கரையில் கிடக்கும், அதை விறகாக்கி நுளைமகள் வடித்த பழைய கள், சுட்ட குழல்மீன் கருவாடு. உள்ளே திரும்பிப் போனால் வேலூரில் புளி போட்ட சூடான சோறும் இறைச்சியும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெள்ளைச் சோறு. ஊருக்கு ஊர் எதை எங்கே சாப்பிடலாம் என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்லும் ஆளை நான் எந்த யூடியூப் சேனலிலும் பார்க்கவில்லை. கள்ளுக்கு இப்போது தடை. கருவாடு இன்றைக்கும் சாலையோரத்தில் காய்கிறது.

கடப்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நவாபு தோஸ்த் அலி கான் காலத்தில் கட்டியது. 1750-ல் ஐதராபாத் நிஜாம் முசாபர் ஜங் இதைப் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே வருஷம், 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். ஜரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து ஏற்றுமதியாயின. நாணயம் அடிக்கும் அக்கசாலை இருந்தது. ஆலம்பரை வராகன் என்று அந்தக் காசுக்குத் தனிப் பெயரே உண்டு. மழை விட்ட மறுநாள் மணலைக் கிளறினால் காசு கிடைக்கும் என்று நாங்கள் சின்ன வயசில் போய்க் கிளறுவோம். ஓட்டுச் சில்லுதான் கிடைத்தது.

இங்கிலீஷ்காரன் இடித்தது போக மீதியில் சுனாமியும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இடிந்த மதிலில் ஏறினால் கீழே கழி, அதற்கு அப்பால் ஒரு மணல் நாக்கு, அதற்கு அப்பால் கடல். படகுக்காரர்களிடம் பேரம் பேசினால் மணல் திட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, கடப்பாக்கத்திலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. கோட்டைச் செங்கல்லில் உங்கள் பெயரை எழுத வேண்டாம். ஏற்கெனவே நிறைய ஜோடிகள் எழுதியாகிவிட்டது.

மரக்காணம் நெருங்கும்போது மேற்கே திடீரென்று மரமெல்லாம் நின்றுபோகும். கண்ணுக்கெட்டிய வரை தட்டையாக, சதுரம் சதுரமாகத் தண்ணீர். உப்பளம். சித்தப்பா இங்கே குத்தகைக்குக் கொஞ்சம் பாத்தி வைத்திருந்தார். அதனால் இது எனக்குப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் தெரிந்த இடம் இல்லை.

தையில் வேலை தொடங்கும். மழைக்காலத்தில் கலங்கிப்போன பாத்திகளைச் சேறு வாரி, வரப்புக் கட்டி, தரையைக் காலால் மிதிமிதியென்று மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு மண் வரும், விலை போகாது. பிறகு உவர்த் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்ல மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றிலும் வெயில் குடித்தது போக மீதித் தண்ணீர் கெட்டியாகும். கடைசிப் பாத்தியில் காலையில் பார்த்தால் தண்ணீர் மேல் மெல்லிய ஏடு படிந்திருக்கும். கை பட்டால் உடைந்து மூழ்கிவிடும். அது அடியில் சேர்ந்து பூத்து வளர்ந்ததும், நீளக் கழியில் மாட்டிய பலகையால் இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். இழுக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும், உப்புப் பதமாகிவிட்டதா என்று சித்தப்பா அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

வாருகிறவர்களில் பெண்கள் அதிகம். விடிவதற்கு முன்னாலேயே இறங்கி, பத்து மணி வெயிலுக்குள் ஏறிவிடப் பார்ப்பார்கள். வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், பாதம் வெடித்து உப்பு உள்ளே போகும். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவார்கள். "படம் புடிச்சிக்கிறியா, புடிச்சிக்கோம்மா, ஆனா செருப்ப கழட்டிட்டு வரப்புல நில்லு, பாத்தியில கால வைக்காத" என்று ஓர் அக்கா என் மாணவிகளிடம் சொன்னார். அவர்கள் மிதித்து இறுக்கிய தரை அது. ஆடி ஆவணி வரை ஓடும். எப்போது மழை வந்தாலும் அன்றைய பாத்தி போச்சு. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது இந்தப் பக்கமெல்லாம் ஒரே வெள்ளம்.

ஊருக்குள் பூமீஸ்வரர் கோயில், சுவரெல்லாம் சோழர் கல்வெட்டு. உப்பளத்துக்குத் தெற்கும் மேற்குமாகக் கழுவேலி. தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று. 2021-ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள், 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 5,000 ஹெக்டேருக்கு மேல். மார்கழி, தையில் போனால் ஊசிவால் வாத்துகள் தண்ணீரே தெரியாத அளவுக்கு மிதக்கும். பூநாரைகள் தூரத்தில் நிற்கும், பைனாகுலர் இல்லாவிட்டால் வெள்ளையாக ஒரு கோடுதான்.

மரக்காணம் தாண்டினால் தர்ப்பூசணிக் குவியல்கள், நுங்கு, காலாப்பட்டில் பல்கலைக்கழகம், ஆரோவில்லுக்குத் திரும்பும் செம்மண் பாதைகள், கோட்டக்குப்பம். புதுச்சேரியைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இப்போது இது தேசிய நெடுஞ்சாலை, 332ஏ. நாலு வழிச் சாலையாகிறது. பஸ் முன்னைவிடச் சீக்கிரம் போகும், சந்தேகமில்லை. ஆனால் கடப்பாக்கத்தில் எங்கள் வீடு சாலைக்கு ஒரு பக்கம், ரேஷன் கடை இன்னொரு பக்கம். அம்மா இரண்டு பக்கமும் பார்த்துக் கடப்பதற்கே பத்து நிமிஷம் நிற்கிறார். சனி ஞாயிறு காலையில் ரேஸ் விடும் பைக்குகளுக்கு அந்த ஊர் ஒரு வேகத்தடை மட்டும்தான்.

போன கோடையில் மரக்காணத்தில் இறங்கி, அந்த உப்பளத்து அக்காவிடம் ஒரு பை கல் உப்பு வாங்கிக்கொண்டு, பாண்டியில் இருக்கும் என் சொந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் எப்போதும் போல ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பையைத் தூக்கியவர் கனத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"என்னம்மா உள்ள, எத்தனை பாட்டில்?"

"உப்பு சார். மரக்காணத்து உப்பு."

பிரித்துப் பார்த்தார், ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார். "பாண்டிக்குப் போய்ட்டு உப்பு வாங்கிட்டு வர்ற மொத ஆளு நீங்கதான் டீச்சர்" என்றார். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்பதற்குள் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.